மஞ்சள் பூசிய கல்

அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபேக்டரியிலிருந்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் பிடித்தபடியே நின்றார்.

"மேரி, நம்ம சைட்டுல சாமி வச்சிட்டாங்க."

குழவி அப்படியே நின்றுவிட்டது.

"என்ன சாமிங்க?"

"கல்லு. மஞ்சள் பூசி, குங்குமம் வச்சி, பூ போட்டு நட்டிருக்குது. சரியா நடு சைட்டுல."

தொம்மலூரில் முப்பதுக்கு நாற்பது அடி காலி மனை. எங்களுக்கென்று இருக்கிற ஒரே சொத்து. என் கல்யாணச் சங்கிலியும் அவருடைய சீட்டுப் பணமும் அந்த மண்ணில்தான் கிடக்கிறது. ரெண்டு ரூம் போடுவது, ஒன்றில் நாங்கள், இன்னொன்று வாடகைக்கு, அந்த வாடகையில் அடுத்த ரூம். இதுதான் அவருடைய கணக்கு. தூக்கத்தில்கூடச் சொல்லுவார்.

"யாரு வச்சதாம்?"

"எருமை வச்சிருக்காளே செண்பகம், எதிர்ல குடிசையில. அவதான். வெள்ளிக்கிழமையானா கற்பூரம் ஏத்துறாளாம். நமக்கு சைட்டு முடிச்சிக் குடுத்த புரோக்கரே பாத்திருக்காரு."

"எதுக்கு நம்ம எடத்துல?"

"எதுக்கா? மொதல்ல கல்லு. அப்புறம் கூரை. அப்புறம் உண்டியல். நாம பத்திரத்த வச்சி நாக்கு வழிக்க வேண்டியதுதான்."

"ஓரமா எடுத்து வச்சிட்டா?"

"யாரு, நாமளா? வேதக்காரங்க சாமி மேல கைய வச்சிட்டாங்கன்னு ஊரே கட்டையத் தூக்கிட்டு வரும். புள்ளைய வச்சிருக்கோம் மேரி!"

அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியாது. ஜெபமாலையை எடுத்துக் கண்ணை மூடினால் மாதா வரவில்லை. மஞ்சள் பூசிய கல்தான் வந்தது. பாப்பா தூக்கத்தில் சிணுங்கினால்கூட, சாமி குற்றமோ என்று எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். யாரிடம் கேட்பது? அந்தச் செண்பகத்தை மட்டும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அவளுக்குக் கண் அவியாதா?

புரோக்கர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சாமி இருக்கற எடத்த எவன்பா வாங்குவான்? உன் மூஞ்சிக்காகப் பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன். ஞாயித்துக்கெழம வா, முடிச்சிரலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து தொம்மலூருக்குப் போனோம். முனைக் காப்பிக்கடையில் புரோக்கர் உட்கார்ந்திருந்தார். தூங்குகிற பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் உள்ளே போனார்.

"கடைசியா ஒரு தடவ பாத்துட்டு வரேங்க" என்றேன்.

"தூர நின்னு பாரு. கிட்ட போகாத."

போய் நின்றேன். நாங்கள் வாங்கும்போது அங்கே எல்லாம் சமதரை. இப்போது சுற்றிலும் பள்ளம். ஆள் இறங்கினால் தலை தெரியாது. எங்கள் மண் மட்டும் மேடாக நிற்கிறது. நடுவில் அந்தக் கல். இந்தப் பள்ளங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கல்லைப் பார்த்த பயத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

"யாரது?"

சாணிக் கூடையோடு எதிர்க் குடிசைக்காரி. இவள்தான் செண்பகம்.

"இது... எங்க எடம்..."

"அளக்க வந்தாரே பெர்னார்ட்டு, அவரு பொஞ்சாதியா நீ? நல்லா இருக்குது போ! எடத்த வாங்கிப் போட்டா ஆச்சா? எட்டிப் பாக்க வாணாமா?"

"இந்தச் சாமிய..."

"சாமியா?" அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "செங்கல் சூளைக்காரனுங்க லாரி கொண்டாரானுங்க, தங்கச்சி. கேக்க ஆளில்லாத எடம்னா மண்ண அள்ளிட்டுப் போயிடறானுங்க. கேட்டா அடிக்க வரானுங்க. சாமி இருக்கற எடத்துல மட்டும் கூலிக்காரன் எவனும் மம்பட்டி போட மாட்டான்."

"அப்ப இது?"

"எங்க வூட்டு ஒடஞ்ச குழவி. வெளிய சொல்லிடாத! கற்பூரம் காட்டுனாதான் நம்புவானுங்கன்னு அதுவும் காட்டறேன். நீ வூடு கட்ற அன்னிக்கு சொல்லி அனுப்பு. நானே வந்து புடுங்கிக்கறேன்."

குனிந்து பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில், அரைத்து அரைத்துத் தேய்ந்த வழவழப்பு. தினமும் என் கை பிடிக்கிற அதே கல். இதற்கா இத்தனை நாள் நடுங்கினேன்?

"எங்களோட உங்களுக்குப் பழக்கமே இல்லையே. எங்களுக்காக எதுக்குக்கா?"

அவள் பக்கத்துப் பள்ளத்தைக் காட்டினாள். அடியில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது.

"அது என் சைட்டு. பால் வித்து வித்து வாங்கினேன். குழவி யோசனை வர்றதுக்குள்ள அள்ளிட்டானுங்க. அதான் இன்னும் வாடகைக் குடிசையில கெடக்கறேன்." கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "உன்னுதாவது நிக்கட்டுமேன்னுதான்."

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ!

"அக்கா, நாங்க விக்கல. ரெண்டு ரூம் கட்டப் போறோம். அதுல அந்த ரெண்டாவது ரூமு உங்களுக்கு..."

"மேரி! புரோக்கர் காத்துக்கிட்டு இருக்காரு, வா!"