கொட்டை எழுத்தில் கண்ணாயி

"இன்னும் தடியாப் போடு கண்ணு. பஸ்ல போறவங்க எட்டிப் பாத்தாலே பேரு தெரியோணும்."

அபிஷா எழுத்தை இன்னும் தடிப்பாக்கினாள். ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள அச்சுக்கடையில் போஸ்டர் வடிவமைப்பது அவள் வேலை. மாரமங்கலத்திலிருந்து வந்த ஐயாக்கண்ணு காலையிலிருந்து அவளை நகரவிடவில்லை. ஊராட்சித் தேர்தலில் அவருடைய மனைவி கண்ணாயி வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்கிறார்.

"இப்ப சரிங்களாண்ணா? இப்பெல்லாம் எல்லாரும் இந்த மாதிரி சிம்பிளான எழுத்துதான் கேக்கறாங்க."

"மொட்டையா இருக்குது சாமி. அந்தக் காலத்துத் தேர் நோட்டீஸ்ல பேரு போட்டிருப்பாங்களே, நல்லாக் கொட்டை எழுத்து, நுனியில கொடி சுருண்டாப்ல. அதுல பேரு வந்தா எங்கூர்ல தனி மரியாதை. பொம்பளைதானேன்னு எவனும் இளப்பமாப் பாக்கக் கூடாது."

அபிஷா கம்ப்யூட்டரில் கிடந்த பழைய எழுத்துகளையெல்லாம் துழாவி, அப்படி ஒன்றைப் பிடித்துவிட்டாள். கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தடிப்பில் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டு வெறும் மைக்கட்டியாகத் தெரிந்தன.

"பேரே படிக்க முடியலைங்க. வேற எழுத்து மாத்திரலாங்களா?"

"எழுத்த மாத்தாத. சுழிய மட்டும் திறந்து விடு. கண்ணு மங்குன கெழடுகூட கண்ணாயின்னு படிக்கோணும்."

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சுழியாக அகட்டினாள் அபிஷா. திரை நிறைய 'கண்ணாயி' எழுந்து நின்றபோது, அவளுக்கே ஒரு கணம் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஐயாக்கண்ணு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு மெனக்கெடறீங்களே, எதுத்து நிக்கறவரு பெரிய ஆளுங்களா?"

"அவனா? சுத்த வாயில்லாப் பூச்சி. ஊத்துத் தண்ணிய எஸ்டேட்காரன் மறிச்சப்ப, எம் பொண்டாட்டி தனியாளாப் போயி தாலுகா ஆபீஸ் வாசல்ல உக்காந்தா. தண்ணி வந்துருச்சு. ஆனா ஒரு பொம்பளை பேரு வாங்குனது எங்க பங்காளிங்களுக்குப் பொறுக்கல. அவள எப்படியும் தோக்கடிக்கோணும்னு அவனப் புடிச்சு நிறுத்தியிருக்காங்க."

போஸ்டர்கள் அச்சாகி வந்தன. ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, மற்றவற்றை அவர் அவசரமாகச் சாக்குப் பைக்குள் திணித்தார்.

அபிஷாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏனுங்ணா, அந்த ஆளுக்கு மனசாட்சி வேண்டாங்களா? நிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா, செயிக்கறவனாப் பாத்து வேறொருத்தன நிறுத்தியிருப்பாங்க கண்ணு." ஐயாக்கண்ணு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் ஏற்றினார். "அதுக்குத்தான் நானே நின்னுட்டேன்."