ஏற்றுமதி நேரம்

என் வீட்டுக்காரர் தணிகைவேல், மகளின் கல்யாணப் பத்திரிகையில்கூடத் தன் பெயருக்குக் கீழே 'மின்சார ஏற்றுமதியாளர்' என்று போட்டுக்கொண்டவர். மொட்டைமாடியில் பதினாறு சோலார் பலகை வைத்திருக்கும் துரை அல்லவா! உச்சிவெயில் கரண்டுக்குத்தான் நல்ல விலை. அதனால் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை முழுவதையும் கரண்டு கம்பெனிக்கே விற்றுவிடுவதாக ஒப்பந்தம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஃபேன்கூடச் சுற்றாது.

போன செவ்வாய்க்கிழமை காலை மாமனார் இறந்துபோனார். பன்னிரண்டரைக்கு ஐஸ் பெட்டி வந்தது. உடம்பை உள்ளே வைத்துவிட்டுப் பெட்டிக்காரர், "பிளக் எங்கம்மா?" என்றார்.

"மூணு மணிக்கு மேலதான் போட முடியும்," என்றார் ஏற்றுமதியாளர். "அப்பா இருந்திருந்தா அவரே வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு."

பெட்டிக்காரர் என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டு பரிதா அக்காதான் மதிலுக்கு மேலே ஒயரை நீட்டினார். "சொருகுங்க. உங்க மாடியில இருந்து எங்களுக்கு வர்ற கரண்டுதானே."

பெட்டி குளிர ஆரம்பித்தது. அதன்மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அக்கா, கம்பெனிக்காரன் உங்களுக்கு யூனிட் என்ன விலைக்குத் தர்றான்?"