பத்தொன்பதாவது ஆள்

தேர்வு மையத்தில் அவருக்கு ‘மோப்பம்’ என்று பட்டப்பெயர். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் மொழித் தேர்வில் ஆள்மாறாட்டம் செய்ய வந்த பதினெட்டுப் பேரை இதுவரை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். தலைமைக் கண்காணிப்பாளர் பதவி வயதால் வந்ததல்ல, மூக்கால் வந்தது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அன்று காலை வரிசையில் ஏழாவதாக வந்த இளைஞனைக் கண்டதும் அந்த மூக்கு அரிக்க ஆரம்பித்தது.

அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். நெற்றி சரி, மூக்கு சரி. காது மட்டும் கொஞ்சம் எடுப்பாக இருப்பதுபோல் பட்டது.

“படத்துல கண்ணாடி இருக்கே?”

“லென்ஸ் போட்டிருக்கேன் சார்.”

“பிறந்த தேதி?”

டக்கென்று சொன்னான். அப்பா பெயர், அம்மா பெயர், வீட்டு எண் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அதுதான் அவருக்கு உதைத்தது. சொந்த வீட்டு எண்ணை எவனாவது இவ்வளவு வேகமாகச் சொல்வானா?

விண்ணப்பத்தைப் புரட்டினார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒரு வருடம் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும் திட்டம். இரண்டு படிப்புகளைக் குறித்திருந்தான். முதலாவது வணிக நிர்வாகம். அதற்கு இந்தத் தேர்வில் நூற்றுக்கு எழுபது வேண்டும். அடுத்தது பறவையியல், அதற்கு இந்த மதிப்பெண்ணே தேவையில்லை.

“காக்கா குருவி எண்ணறதுக்கா கடல் தாண்டிப் போகணும்?”

“அது ரெண்டாவது சார். முதல்ல இருக்கறது அப்பா தேர்ந்தெடுத்தது.”

“அப்போ எழுபது வாங்கியே ஆகணும். இல்லேன்னா காக்காதான்.”

இளைஞன் அட்டைக்காகக் கையை நீட்டினான்.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. ஆள் மாறி எழுதினா போலீஸ் கேஸ். எழுதினவன், எழுத வெச்சவன் ரெண்டு பேரும் உள்ள போகணும். படிப்புக்கு அத்தோட முழுக்கு.”

“தெரியும் சார்.” சொல்லும்போதே அவன் நெற்றியில் வியர்வை அரும்பியது.

ஒருத்தனை வெளியே தள்ள ஒரு காது போதாது. வேறு வழியில்லாமல் உள்ளே விட்டார். ஆனால் முதல் வரிசையில், தன் மேசைக்கு நேர் எதிரே உட்காரவைத்தார்.

அவரிடம் ஒரு கணக்கு உண்டு. பதினெட்டுப் பேரிடமும் உரசிப் பார்த்த கணக்கு. அடுத்தவனுக்காக எழுத வருகிறவன் கெட்டிக்காரனாகத்தான் இருப்பான். வினாத்தாள் கைக்கு வந்ததும் விருந்துக்கு வந்தவன் மாதிரி முகம் மலரும். பேனா நிற்காது. அரை மணி முன்னதாகவே முடித்துவிட்டு ஜன்னலை வேடிக்கை பார்ப்பான்.

மணி அடித்தது. இளைஞன் வினாத்தாளைப் பிரித்தான். முகம் மலரவில்லை, பேயறைந்த மாதிரி ஆனது. பேனா மூடியைக் கடித்தான். தலையைச் சொறிந்தான். இரண்டாம் பக்கத்துக்குப் போனவன் அது இதைவிட மோசம் என்று முதல் பக்கத்துக்கே திரும்பி வந்தான். ஒரு மணி நேரத்தில் எட்டுக் கேள்விகளைத்தான் தாண்டியிருந்தான்.

மோப்பம் பூனை மாதிரி நடந்துபோய்ப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். எட்டில் ஆறு தப்பு.

சந்தேகம் எழுந்துபோன இடத்தில் பரிதாபம் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு மோசமாக எழுதவா ஒருத்தன் ஆள் வைப்பான்? யார் பெற்ற பிள்ளையோ, இவனைப் போய்த் திருடன் என்று நினைத்துவிட்டோமே! வாசலில் தான் போட்ட மிரட்டலில்தான் பையன் படித்ததையெல்லாம் மறந்திருக்க வேண்டும் என்று தோன்றியதும் அவருக்கு மனசு உறுத்தியது.

இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் செய்யாத காரியத்தை அன்று செய்தார். லேசாக இருமினார். மூன்றாவது கேள்வியில் ‘இ’ என்ற விடையின்மேல் விரலை ஒரு கணம் வைத்து எடுத்தார்.

இளைஞன் பதறிப்போய் நிமிர்ந்தான். “வேணாம் சார்,” என்றான் கெஞ்சலாக. “எனக்குத் தெரிஞ்சத நானே எழுதிக்கறேன்.” சொல்லிவிட்டு, ஏற்கெனவே குறித்திருந்த ‘அ’வை இன்னும் அழுத்திக் கறுப்பாக்கினான்.

மோப்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வலிய வந்த உதவியை வேண்டாம் என்கிற பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை. தேர்வு முடிந்ததும் வாசல்வரை கூடவே வந்து தோளில் தட்டினார்.

“மார்க் போனாப் போகுது தம்பி. நீ மனுஷனா நின்னுட்ட. காலையில உன்னைச் சந்தேகப்பட்டேன், மனசுல வெச்சுக்காதே.”

“பரவால்ல சார். உங்க வேலைய நீங்க செஞ்சீங்க.”

இரண்டு தெரு தள்ளி, பேருந்து நிறுத்தத்தில், அதே நெற்றியும் அதே மூக்குமாக, கண்ணாடி போட்ட இன்னொருவன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தான். இளைஞன் அடையாள அட்டையை அவன் கையில் திணித்தான்.

“மாட்டிக்கலையேண்ணா?”

“மாட்டறதாவது! கட்டிப் பிடிச்சு அழாத குறைதான்.”

“எழுபது வந்துடுமாண்ணா?” கேட்கும்போதே கண்ணாடிக்காரனுக்குக் குரல் நடுங்கியது.

“எப்பவும் போல உசுரக் குடுத்துதான் எழுதியிருக்கேன். என்னைப் பத்தித் தெரியாதாடா உனக்கு?”

வேண்டுமென்றே தப்பாக எழுதிப் பார்த்தும் கை கேட்காமல் மாதிரித் தேர்வில் தொண்ணூற்றாறு வாங்கித் தொலைத்த கண்ணாடிக்காரன், அப்பா தேர்ந்தெடுத்த படிப்பிலிருந்து தப்பிக்க, இதே தேர்வை வேறு மையத்தில் மூன்று முறை எழுதி ஒரு முறைகூட முப்பதைத் தாண்டாத பெரியப்பா மகனைத்தான் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தான்.