பூஜ்யத்தில் நிற்கும் வட்டம்

டாக்டர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாருங்கக்கா. இருபது நாளா வலியே இல்லை. வரிசையா பூஜ்யம். போன்ல வலிக்கணக்கு ஆப் போட்டதுக்கு அப்புறம் கலக்குறீங்க."

அவள் பார்த்தாள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஏறி இறங்கிய கோடு, மார்கழி பிறந்ததும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

அவர் சீட்டு எழுதத் தொடங்கினார். வாரத்துக்கு ஆறு மாத்திரை. இனி மூன்று.

அந்த ஆறு மாத்திரையின் தயவில்தான் அவள் இன்னும் மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் விரல்கள் மேசைக்கு அடியில், மடியில் கிடந்தன. அவர் இன்னும் அவற்றைப் பார்க்கவில்லை.

இருபது நாள்.

பல் தேய்க்கும் பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்த அதே இருபது நாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

காலை ஆறு மணிக்கு ஆப் கேட்கும்: இன்று வலி எவ்வளவு? கீழே ஒரு கோடு. கோட்டின் இடது முனையில், பூஜ்யத்தில், ஒரு வட்டம். அதை விரலால் அழுத்தி, விடாமல், வலப்பக்கம் இழுக்க வேண்டும். பாதியில் விரல் நழுவினால் வட்டம் பூஜ்யத்துக்கே ஓடிவிடும். ஆப் ஒரு நிமிடம் பார்க்கும். பிறகு தானே மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் அன்றைய பதிலை மாற்ற முடியாது.

பதில் சொல்லாத நாள் காலியாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

இல்லை. வட்டம் எங்கே நிற்கிறதோ அதுதான் பதில்.

விரல் மூட்டுக்குள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அவளுக்கு இருக்கும் முடக்குவாத நோயில் அது வீங்கும். இரவெல்லாம் அசையாமல் கிடந்தால் நீர் கோத்து, மூட்டு இறுகிவிடும். இளக ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டு. வெந்நீரில் முக்கி முக்கித்தான் அவள் விரலை மடக்குவாள். கணவர் ஐந்தரைக்கே ஷிப்டுக்குப் போய்விடுவார்.

மூன்று அளவு வலியை விரலால் இழுத்துவிடலாம்.

ஒன்பதை இழுக்க முடியாது.

அதை டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டர் புன்னகைத்தார். "அப்படியெல்லாம் வராதுங்கக்கா. நல்லா டெஸ்ட் பண்ணித்தான் விட்டிருக்காங்க. வலிச்சிருந்தா போட்டிருப்பீங்கல்ல?"

"வலிச்சதுனாலதானுங்க போட முடியல."

அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

மேசை ஓரத்தில், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கட்டு உருளை இருந்தது. அவள் எடுத்தாள். மணி பதினொன்று. விரல்கள் இப்போது சொன்னபடி கேட்டன.

"கையைக் கொஞ்சம் குடுங்க டாக்டர்."

நாள் முழுக்க மற்றவர்களிடம் அவர் சொல்லும் வார்த்தை. பேனாவை வைத்துவிட்டு, யோசிக்காமல் வலது கையை நீட்டினார்.

அவள் சுற்றினாள். தொழில் அது. ஒரு சுற்றின் மேல் பாதி ஏறி அடுத்த சுற்று, இடைவெளி இல்லாமல், தளர்ச்சி இல்லாமல். ஐந்து விரலும் ஒரே கட்டையாகும்வரை. பன்னிரண்டு சுற்று. நுனியை உள்ளே செருகினாள்.

"என்னங்கக்கா இது, விளையாட்டா?"

ஆப்பில் பழகிப் பார்க்க ஒரு பக்கம் உண்டு. அதே கேள்வி, அதே கோடு, அதே வட்டம். தன் கைபேசியில் அதைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒன்பது போடுங்க. ராத்திரியெல்லாம் கட்டியிருந்த கைன்னு வெச்சுக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே அழுத்தினார். துணி மூடிய விரலைத் திரை உணரவில்லை. கட்டின் விளிம்பால் தேய்த்தார். கைபேசி மேசையில் நகர்ந்தது. மணிக்கட்டைத் திருப்பி, துணிக்கு வெளியே தெரிந்த உள்ளங்கை ஓரத்தால் முட்டினார். வட்டம் இரண்டு வரை வந்தது.

நழுவி ஓடியது.

சிரிப்பு நின்றிருந்தது.

இடது கையைத் தூக்கினார். அவள் அதைப் பார்த்தாள். அவர் கீழே வைத்துவிட்டார்.

ஒரு நிமிடம் முடிந்தது. திரையில் ஒரு பச்சைப் பூ விரிந்தது.

உங்கள் பதில்: 0.

வெளியே அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சீட்டில் மூன்று என்று எழுதிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதை அடித்துத் திருத்த, கட்டுப்போட்ட கையால் பேனாவை எடுக்கப் போனார்.

பேனா உருண்டது. இன்னொரு முறை முயன்றார்.

அவள் அவிழ்க்கக் கை நீட்டவில்லை. மடியிலிருந்த இரண்டு கைகளையும் தூக்கி, மேசைமேல், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.