எட்டில் ஒரு பங்கு

"அக்கா மகளைத்தானே கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார் மரபணு ஆலோசகர் சுப்ரஜா.

கிரிஷ் சிரித்துவிட்டான். "மேடம், நான் சிங்கப்பெருமாள் கோயில் ஐயங்கார். இவ திருவிடந்தை பக்கம், சர்ச்சுல ஞானஸ்நானம் வாங்கினவ. எங்களுக்குள்ள சொந்தம்னு தெரிஞ்சா எங்க தெருவே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடும்."

அவன் மனைவி ரூத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வயது அதிதி, கழுத்து நிற்காமல், அவள் தோளில் சாய்ந்து கிடந்தாள். வயிற்றில் இன்னொன்று, மூன்று மாதம். அதிதிக்கு வந்தது அதற்கும் வருமா என்று கேட்கத்தான் படூரிலிருந்து செங்கல்பட்டுக்கு வந்திருந்தார்கள்.

சுப்ரஜா சோதனைக் காகிதத்தை ஒருமுறை கவிழ்த்து, மறுபடி நிமிர்த்தினார். மூலையில் உட்கார்ந்திருந்த கிரிஷின் அம்மா ரங்கநாயகியைப் பார்த்தார். "பெரியவங்க கொஞ்சம் வெளியில இருக்கட்டுமா?"

"அம்மாகிட்ட எங்களுக்கு ஒளிவு மறைவே கிடையாது மேடம்."

"சரி. குழந்தையோட மரபணுவுல நீங்க கொடுத்ததும் இவங்க கொடுத்ததும் எட்டுல ஒரு பங்கு அச்சு அசலா ஒண்ணா இருக்கு. அக்கா மகளைக் கட்டினா இப்படி வரும். அடுத்த குழந்தைக்கும் இதே நோய் வர நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு."

அப்போதுதான் அறைக்குள் பீடி வாசனை வந்தது. புகை பிடிக்கக் கூடாது என்று சுவரில் பலகை இருந்தது. பலகைக்குப் பயப்பட வேண்டியவர்கள் உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தானே.

ரூத்தின் அப்பா கருப்பன் போன வருஷம் இறந்ததிலிருந்து, இந்த வாசனை படூர் ஃப்ளாட்டுக்கும் வந்து போய்க்கொண்டிருந்தது. அதிதிக்கு வலிப்பு வரும்போது வரும், நின்றதும் போய்விடும். கீழ்வீட்டுக்காரர் பிடிக்கிறார் என்பாள் ரங்கநாயகி. கீழ்வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

"நைனா வந்துகீறாரு," என்று ரூத் முணுமுணுத்தாள்.

சுப்ரஜா அதைக் காதில் வாங்காமல், "ரெண்டு குடும்பத்துக்கும் முன்னாடியே பழக்கம் உண்டா?" என்றார்.

"இவ அப்பா எங்க சவுக்குத் தோப்புக்குக் காவல். இவ அம்மா மேரி அத்தையும் அங்கதான் வேலை செஞ்சாங்க," என்றான் கிரிஷ். "ஆனா நாங்க பழகினது காலேஜ்ல."

ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு மாலையோடு போய் நின்றபோதுதான் ரங்கநாயகிக்கே விஷயம் தெரியும். வாசற்படியில் மயங்கி விழுந்தாள். தெரு கூடி, அது ஜாதி மயக்கம்தான் என்று தீர்ப்புச் சொல்லிக் கலைந்தது. அப்புறம் இரண்டு வருஷம் மகனிடம் பேச்சில்லை. அதிதிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட அன்று பெட்டியோடு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை.

"அத்தை தங்கம் மேடம்," என்றாள் ரூத். "நைனா செத்தப்ப நாங்களே மூணாம் நாள் ஜெபத்தோட முடிச்சிகினோம். அத்தைதான் தீட்டுன்னு சொல்லி, இவரைப் பத்து நாள் ஷேவ் பண்ண வுடல. சாமியார் கணக்கா ஆபீசுக்குப் போனாரு."

ரங்கநாயகி புடவைத் தலைப்பால் மூக்கை அழுத்திக்கொண்டாள்.

"இந்த எட்டுல ஒண்ணு இன்னொரு விதமாவும் வரலாம்." சுப்ரஜா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க ரெண்டு பேருக்கும் அம்மா வேற வேறயா இருந்து, அப்பா ஒருத்தரா இருந்தா. அது யாருன்னு இந்தச் சோதனை சொல்லாது."

கிரிஷின் முகம் மெல்லச் சுண்டியது. பத்து வருஷத்துக்கு முன் இறந்துபோன அப்பா வெங்கடராகவன், நெற்றி நிறைய நாமத்தோடு அவன் கண்முன் வந்து நின்றார்.

"அப்பா மாசா மாசம் தோப்புல போய்த் தங்குவார்... மேரி அத்தை..."

"செத்துப்போன எங்கம்மாவ இதுல இழுக்காத!" ரூத் எழுந்துவிட்டாள். "வாயக் கிழிச்சிடுவேன்!"

"வேற யாரைச் சொல்லச் சொல்றே? தோப்பு யாரோடது? எங்கப்பனோடதுதானே! பூணூலும் பூஜையுமா ஊரை ஏமாத்தியிருக்கான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, அந்த ஆள் போட்டோவைக் கழட்டிக் கடல்ல வீசறதுதான்."

பீடி வாசனை கெட்டியானது. அதிதி, நாலு வருஷமாகக் கழுத்து நிற்காத அதிதி, தலையைத் தூக்கினாள். பாட்டிக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள்.

ரங்கநாயகியும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"உங்கப்பாவை ஒண்ணும் சொல்லாதே. அவர் தெய்வம். மேரியும் ஒரு பாவமும் அறியாதவ."

"பின்ன யாரும்மா?"

"மாமனாருக்கு மூணு நாள்தான்டா தீட்டு. பெத்தவனுக்குத்தான் பத்து."