மிக் ராஃபர்ட்டி ஏறாத ஸ்ட்ரெச்சர்

"நிப்பாட்டு, நிப்பாட்டு! டெஸ் கார்விக்கு உடைஞ்சது தாடையடா. முழங்கால் இல்லை!"

சாருஜன் ஸ்டாண்டில் நின்ற கைபேசியில் பதிவை நிறுத்திவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டான். துபாயின் சத்வா பகுதியில், தையல் கடைகளுக்கு மேலே இருந்த அவனுடைய வீடியோ ஸ்டூடியோவில் ஏசி பேருக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே, கல்யாண வீடியோக்களுக்குத் தொங்கவிடும் நீலத் திரையின் முன்னால் மகேசன் உட்கார்ந்திருந்தான். ஜூன் மாத வெயிலில், கழுத்தில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு கம்பளி மஃப்ளர்.

"தாடையோ? சரி, திரும்ப எடு" என்றான் மகேசன் சாவகாசமாக.

இருவரும் மெல்பர்னில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். வேலைதான் துபாய்க்கு இழுத்து வந்திருந்தது. மகேசனின் அப்பா பத்மநாபன் யாழ்ப்பாணத்திலிருந்து போய் இறங்கிய வருஷமே, நார்த் ஹார்பர் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்துக் கழகத்துக்கு அடிமையாகிவிட்டவர். சனிக்கிழமை வந்தால் போதும், மகனோடு பக்கத்து வீட்டு சாருஜனையும் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். தகப்பன் இல்லாத சாருஜனுக்கு முதல் பச்சை வெள்ளை மஃப்ளரை வாங்கிக் கட்டிவிட்டவரும் அவர்தான்.

இன்று பத்மநாபன் மாமாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்த நாள். கழகத்தின் சரித்திரத்திலேயே இரும்பு உடம்புக்காரர்கள் யார் யார் என்று மகன் பேசும் வீடியோதான் பரிசு. மாமாவுக்குச் சுகமில்லை என்று மட்டும் மகேசன் சொல்லியிருந்தான். மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். படுக்கையில் கிடக்கிற மனுஷனுக்குப் போகிற பரிசில் துளிப் பிழை இருக்கக் கூடாது என்று சாருஜன் ஒற்றைக் காலில் நின்றான்.

"தொடங்கு. வடிவா யோசிச்சுச் சொல்லு."

மகேசன் தொண்டையைச் செருமினான். "அப்பா, உங்கட டெஸ் கார்வி தாடை உடைஞ்சும் கடைசிக் குவார்ட்டர் ஆட்டம் முழுக்க விளையாடினவர். அண்டைக்கு நாங்கள் நாலு புள்ளியால தோத்தம்..."

"தோக்கேல்லை, வெண்டம்டா!"

"வெண்டமோ?"

"உனக்கு என்ன விசரே? அந்த மேட்சுக்குப் பிறகு மாமா ரோட்டில நிண்டு கழகப் பாட்டுப் பாடினவர். பொலிஸ் வந்து வீட்டுக்குப் போகச் சொன்னது. நீயும் நானும் பக்கத்தில நிண்டனாங்கள்!"

"மறந்திட்டன் மச்சான். டியூட்டிக் களைப்பு."

சாருஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் கீழே டீக்கடையில் இதே மகேசன், கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாத நாலு பேரைப் பிடித்து உட்காரவைத்து, டெஸ் கார்வியின் கதையைப் புள்ளி பிசகாமல் சொல்லி அவர்களின் டீயை ஆறவைத்தான். இன்றைக்கென்று எந்தப் பேய் பிடித்ததோ!

மூன்றாம் தரம் எடுத்தார்கள். மகேசன் ஆட்டக்காரர்களின் சட்டை நம்பரை மாற்றிச் சொன்னான். நான்காம் தரம் எதிரணியின் ஆள் ஒருவனை நார்த் ஹார்பரில் சேர்த்துவிட்டான். சாருஜனின் தொண்டை கட்டிப்போயிற்று.

"கடைசியா ஒருக்கா. மிக் ராஃபர்ட்டியை மட்டும் சொல்லு. மாமாவின்ர சாமி அவர். அதையாவது ஒழுங்காச் சொல்லித் துலை!"

மகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கைபேசியை நேராகப் பார்த்தான்.

"அப்பா, மிக் ராஃபர்ட்டியை மறக்க ஏலுமே? தோள் எலும்பு உடைஞ்ச உடனே குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். நாலு பேர் ஸ்ட்ரெச்சரில போட்டுத் தூக்கிக்கொண்டு போனவங்கள். பாவம்."

கொடிகட்டிப் பறந்த பதினாறு வருஷத்தில் மிக் ராஃபர்ட்டி ஒரு நாளும் ஸ்ட்ரெச்சரில் ஏறியதில்லை. உடைந்த தோளோடு மைதானம் முழுக்க நடந்தே வெளியேறியவர் அவர். அந்தக் காட்சியின் படம்தான் மாமாவின் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது.

சாருஜன் சுதாரிப்பதற்குள் மகேசன் எழுந்து வந்து, ஸ்டாண்டில் இருந்த தன் கைபேசியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"அம்மாவுக்கு அனுப்பிட்டன்."

"அடேய்! அழிச்சுவிடடா! மாமா பாத்தால் உன்னைத் திட்டித் தீர்ப்பார்!"

"திட்டட்டும்."

"மூளை கீளை இருக்கா? பிறந்த நாளும் அதுவுமா அந்த மனுஷன்ர மனசை நோகடிக்கிறாயே. நீயெல்லாம் ஒரு மகன்!"

மகேசன் மஃப்ளரின் நுனியைத் திருகிக்கொண்டு கைபேசியையே பார்த்தபடி இருந்தான். பேசி அலுத்த சாருஜன் லைட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்தான். இனி இவனோடு பேச்சே இல்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான்.

கைபேசி அலறியது. மகேசன் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். முதலில் இரைச்சல்தான் வந்தது. பிறகு ஒரு கிழட்டுக் குரல், திக்கித் திணறி, ஆத்திரம் கொப்பளிக்கக் கேட்டது.

"பே... பேயா! மிக்... மிக்... நடந்துதான்... போனவன்டா!"

"பாத்தியா? வாங்கிக் கட்டு!" என்று சாருஜன் சொல்லி வாய் மூடவில்லை, மகேசனின் அம்மாவுடைய குரல் அழுகையும் சிரிப்புமாகக் குறுக்கே வந்தது.

"தம்பி, கேட்டியே? அப்பா கதைச்சிட்டார்! தை மாசம் ஸ்ட்ரோக் வந்து பேச்சு நிண்ட பிறகு இதுதானடா முதல் வார்த்தை! நீ சொன்ன மாதிரியே, பிழையைக் கேட்டதும் பொறுக்க ஏலாமல் கதைச்சிட்டார்!"

மகேசன் மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சாருஜன் அணைத்த லைட்டுகளை எல்லாம் மறுபடி போட்டுவிட்டு, கைபேசியை வாங்கி ஸ்டாண்டில் மாட்டினான்.

"கண்ணைத் துடை மச்சான். அடுத்ததா ஆரைப் பிழையாச் சொல்லப்போறாய்?"