தேதி முடிந்த மீன்

நிலநடுக்கம் வந்தால் சாப்பிட ஒவ்வொரு வீட்டிலும் என்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று சோதிப்பது தெருச் சங்கத்தில் நோபுகோவின் பொறுப்பு. அன்று தமயோவின் வீட்டு அலமாரியைத் திறந்தாள்.

“வெறும் நூடுல்ஸா, தமயோ-சான்? உடம்புக்குச் சத்து வேணாமா? இந்த மீன் டப்பா தேதி முடிஞ்சிடுச்சு. விஷம்! நானே கொண்டுபோய்க் கொட்டிடுறேன்.”

எதிர்வீட்டிலும் இப்படித்தான் ஆறு டப்பா அள்ளினாள். விற்றுக் காசாக்குகிறாள் என்று தமயோவுக்குச் சந்தேகம். பின்னாலேயே போய் அவள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

நோபுகோ நின்றபடியே அந்த மீனை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய உணவு அலமாரி காலி.

மறுநாள் தமயோ ஒரு புது டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினாள். “இதுவும் கெட்டுப்போச்சு. கொட்டிடுங்க.”

நோபுகோ தேதியைப் படித்தாள். முகம் வெளுத்தது.

“நேத்து ஜன்னல் பக்கம் வந்தீங்களா?”

அதன்பின் அவள் யார் வீட்டுக்கும் சோதனைக்கு வரவில்லை.